துளசிமணி தைத்ததெல்லாம் வளர்ந்தது

பூலாங்காட்டு ஹவுசிங் யூனிட்டில், சி பிளாக் இரண்டாவது மாடியில் குடியிருந்த துளசிமணி, புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தபோது, முந்தின நாள் அவள் செய்து முடித்து, இரண்டு நிலக்கடலைத் தோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்திருந்த பொம்மைச் செருப்பு ஜோடி, பெட்டியைக் கிழித்துக்கொண்டு, ஏழாம் நம்பர் காலுக்கு ஆகிற அளவுக்கு வளர்ந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் அந்தச் செருப்பு வாரில் இருந்த பித்தளைக் கொக்கியை வளைப்பதற்கே மூன்று நாள் பிடித்திருந்தது.

துளசிமணி பதினான்கு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தவள். டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, வருகிற சட்டையையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன தையலையும் ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. பதினான்கு வருஷம் அடுத்தவர் தப்பையே பார்த்த கண்ணுக்கு, தப்பே இல்லாத ஒன்றைத் தன் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்து, வேலையை விட்டுவிட்டு, கட் பீஸ் துணியையும் தோல் துண்டுகளையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குத் தைக்க உட்கார்ந்தாள். குழந்தைகள் தரையில் போட்டு இழுக்கிற பொம்மை இல்லை. பெரியவர்கள் தேடித் தேடிச் சேர்த்து, கண்ணாடி அலமாரியில் நிறுத்தி, உடை மாற்றி அழகு பார்க்கிற பன்னிரண்டு அங்குலப் பொம்மை. பெங்களூரில் வசுந்தரா என்று ஓர் அம்மாள் அப்படி முந்நூற்று நாற்பது பொம்மை வைத்திருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி நடத்தினார். இந்த வருஷம் ஒரு பொம்மையை ஊர்சுற்றப் புறப்பட்டவளாக நிறுத்தப் போவதாகவும், அவளுக்குச் செருப்பிலிருந்து பயணப்பெட்டி வரைக்கும் பன்னிரண்டு சாமான் துளசிமணி கையால்தான் வேண்டும் என்றும், மார்கழி பிறந்ததும் கண்காட்சி என்றும் போனில் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, இங்க வந்து இதப் பாருங்க," என்று துளசிமணி கூப்பிட்டாள்.

துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு ஏற்றிப் போகிற டெம்போ ஓட்டும் அவள் புருஷன் மயில்சாமி, வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்து, நுரையைத் துப்பிவிட்டு வந்து, "நல்லாத்தான் இருக்குது. எனக்குப் பத்தாது," என்றான்.

கீழ்வீட்டு சம்சாத்துக்குப் பத்தியது. ஓவர்லாக் டெய்லரான சம்சாத் ஒரு மாதமாக அறுந்த வாருக்கு ஊக்குக் குத்திய செருப்போடுதான் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள், அன்றைக்கு மாடிப்படியில் அதைப் போட்டு நாலு எட்டு நடந்து பார்த்து, "எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்குது துளசி," என்று சந்தோஷப்பட்டு, பிறகு குனிந்து வாரைத் தடவிப் பார்த்து, "தையல்தான் எட்ட எட்டக் கெடக்குது. பரவால்ல போ, நடக்கறதுக்குத்தான," என்றாள்.

அந்த வார்த்தை துளசிமணிக்குச் சுருக்கென்றது. அங்குலத்துக்கு நாற்பது தையல் போட்டிருந்தாள், எந்த மிஷினும் போடாத நாற்பது. ஆனால் செருப்பு ஆறு பங்கு வளர்ந்தபோது தையலும் ஆறு பங்கு வளர்ந்து, நூல் சணல் போலத் தடித்து, அங்குலத்துக்கு ஏழு தையல் கூடத் தேறாமல், கோணிப்பையை மூட்டின மாதிரி ஆகிவிட்டிருந்தது. அந்தக் காலனியில் தொண்ணூற்றாறு வீடு, வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனிக்காரர்; சாமானை எடுத்ததும் தையலைத் திருப்பிப் பார்க்காத கை அங்கே ஒன்றுகூட இல்லை.

அடுத்து, பச்சை மிளகாய் நீளத்தில் அவள் செய்த குடை வளர்ந்து, நனைந்துகொண்டே கேட்டில் உட்காரும் வாட்ச்மேனுக்குப் போனது. விரலில் மாட்டலாம் போலிருந்த மழைக்கோட்டு வளர்ந்து பால்காரருக்குப் போனது. தொப்பி வளர்ந்தது, தோள்பை வளர்ந்தது, கம்பளிச் சட்டை வளர்ந்தது, சாயங்காலம் பெட்டிக்குள் வைக்கும்போது உள்ளங்கையில் அடங்கிய எதுவும் விடியும்போது உள்ளங்கையில் அடங்கவில்லை. அவள் எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து மூடிப் பார்த்தாள், மூடி கழன்று உருண்டது. அரிசி டிரம்முக்குள் புதைத்துப் பார்த்தாள், அரிசி கொட்டினது. தைத்த கையோடு கூரியரில் போட்டுப் பார்த்தாள், பார்சல் வெடித்துவிட்டது என்று மறுநாள் கூரியர் ஆபீஸிலிருந்து திட்டு வந்தது.

காலனி இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், குழாயில் தண்ணீர் வருகிற நாளை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் வந்து எட்டிப் பார்த்தார்கள், இரண்டாவது வாரம் வரிசையில் நின்றார்கள், மூன்றாவது வாரம் வரிசையில் சண்டை வந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற சங்கச் செயலாளர் குழந்தைவேலு, நோட்டீஸ் போர்டில் தன் கைப்பட எழுதி ஒட்டினார்: ஒரு வீட்டுக்கு ஒரு சாமான். வளர்ந்த சாமானைக் காலை ஏழு மணிக்குள் எடுத்துக்கொள்ளவும். வண்டி வாகனம் கேட்கக் கூடாது. கலர் மாற்றித் தரப்பட மாட்டாது.

"கண்ணு, சின்னதா ஒரு கிரைண்டரு செஞ்சு வெச்சுப் பாரேன்," என்று ஏ பிளாக்கிலிருந்து ஒரு பெண்மணி கேட்டாள்.

"நான் தையக்காரிங்க. கிரைண்டருக்கு நான் எங்க போவேன்?"

"அட, அட்டையில செஞ்சாலும் வளர்றப்ப அதுவே இரும்பாயிக்காதா?"

ஆகாது என்று சொன்னாலும் நம்பவில்லை. ஜிப் இறுக்குகிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். பை நன்றாக இருக்கிறது, உள்ளே இன்னொரு அறை வைத்திருந்தால் டிபன் டப்பாவுக்கு ஆகியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். மழைக்கோட்டை விரித்துப் பார்த்த கட்டிங் மாஸ்டர் ஒருவர், இந்தத் தையலுக்குக் கம்பெனியில் மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணியிருப்பார்கள் என்று, கேட்காமலே, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். சொல்லிவிட்டு மழைக்கோட்டைப் பால்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குத் துளசிமணி உள்ளே வந்து, கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுவரில் எறிந்தாள். நேற்று வந்திருந்தால் தெரிந்திருக்கும். நேற்று அது சிறிதாக, சரியாக, தப்பே இல்லாமல் இருந்தது. நேற்றைக்கு வந்து பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை, எல்லோரும் விடிந்த பிறகுதான் வருகிறார்கள்.

அப்படி அவள் அலுத்துப்போயிருந்த நாளில் மூக்குக்கண்ணாடி ஒன்று வளரவில்லை. செம்புக் கம்பியில் செய்த, மிளகு இரண்டைக் கோத்தது போன்ற கண்ணாடி, வைத்த இடத்தில் வைத்த அளவில் இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது, பத்தாம் நாளும் இருந்தது. துளசிமணி அதையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். அந்த வாரம்தான் காலனியில் இலவசக் கண் முகாம் நடந்து, குறை இருந்த எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். காலனியில் கண்ணாடி இல்லாமல் ஏங்கிக்கொண்டிருந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. அப்போது அவளுக்கு விளங்கிற்று: யாருக்கோ வேண்டியிருப்பது வளருகிறது, யாருக்கும் வேண்டாதது சும்மா இருக்கிறது, ஒரு விடியலைத் தாண்டிவிட்டால் அப்புறம் வளருவதே இல்லை.

சரிதானா என்று பார்க்க, திருப்பூரில் எவருக்கும் தேவைப்படாத ஒன்றைச் செய்தாள்: பனியில் சறுக்குகிற, அடியில் தகடு வைத்த, பெண்பிள்ளைகள் போடுகிற வெள்ளை பூட்ஸ். மறுநாள் காலை அது வளர்ந்து நின்றது. ஏழு மணிக்கு வரிசையில் யாரும் வரவில்லை. ஏழரைக்கு, டி பிளாக்கில் தனியாக இருக்கும் ஜெசிந்தா டீச்சர், ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வியாதிக்காரர், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஒன்பது வயசுல ஒரு காலண்டர்ல பார்த்தேம்மா," என்றார். "யார்கிட்டயும் சொன்னதில்ல. அது என்னோடதா இருக்கும்னு நெனைக்கிறேன்."

துளசிமணி அதை எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்துச் சிமெண்டுத் தரையில், டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு சுற்றுச் சறுக்கிப் போனதையும், தூணைப் பிடித்து நின்று சிரித்ததையும் காலனியே பார்த்தது. பனி வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் துளசிமணி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் பேச வந்தது.

"உங்களுக்கெல்லாம் எது எது வேணுமோ அதெல்லாம் என்ற அலமாரியில வந்து நிக்குது. எனக்கு அந்தப் பொம்மைக்குக் கண்ணாடி போக இன்னும் பதினோரு சாமான் சின்னதா வேணும். ஒரே ஒரு மாசம். கார்த்திகை ஒன்னுல இருந்து முடியற வரைக்கும் நீங்க யாரும் எதுவும் வேணும்னு நெனைக்காம இருக்கோணும். அத்தனதான்."

"கேக்காம இருக்கலாம்," என்றார் குழந்தைவேலு. "நெனைக்காம எப்படிம்மா இருக்கறது?"

"கார்த்திகையில மாலை போட்டுட்டு இருக்கறதில்லையா? அப்படி இருந்துக்கலாம்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நோன்பில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தாங்கள் இருப்பதில்லையா, இதென்ன பெரிய காரியம் என்றாள் சம்சாத். பேச்சு அந்த வழியில் போய், முடியுமா முடியாதா என்பது ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் கௌரவப் பிரச்சினையாகி, தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

அந்தக் கார்த்திகை மாதம் போல ஒரு மாதத்தைப் பூலாங்காடு முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்க்கவில்லை. சேலைக்காரரின் தள்ளுவண்டியை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். டிவியில் விளம்பரம் வந்தால் வீட்டுக்கு வீடு ரிமோட்டைத் தேடி ஓடினார்கள். கடைத்தெருவுக்குப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பருப்பை மட்டும் வாங்கித் திரும்பினார்கள். குளிரில் நடுங்கினவர்கள் ஸ்வெட்டரை நினைத்துவிடாமல் இருக்க இருக்கிற சட்டை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் எதையாவது கேட்டு வருகிற சண்டைகள் நின்றுபோய், என்ன பேசுவதென்று தெரியாமல் சில வீடுகளில் சாப்பாட்டு நேரம் நீண்டு நீண்டு போனது. குழந்தைவேலு தினமும் பொழுது சாய்கிற நேரம் பிளாக் பிளாக்காகப் போய்க் கீழே நின்று, "ஏதாச்சும் வேணுமா?" என்று சத்தம் போடுவார், நான்கு மாடியிலிருந்தும், "ஒன்னும் வேண்டாங்க," என்று பதில் இறங்கி வரும்.

துளசிமணி மேலே உட்கார்ந்து தைத்தாள். செருப்பைத் திரும்பவும் செய்தாள், கொக்கியைத் திரும்பவும் வளைத்தாள், காலையில் அலமாரியைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். செருப்பு சிறிதாகவே இருந்தது. குடை சிறிதாக இருந்தது. கம்பளிச் சட்டை சிறிதாக இருந்தது, ஆனால் ஒரு கை மட்டும் இன்னொரு கையைவிட அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தது. யாரோ விடியற்காலையில் ஒரு நொடி தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் திட்டிக்கொண்டே அதைப் பிரித்துத் திரும்பப் பின்னினாள். தொப்பி, மழைக்கோட்டு, தோள்பை, கையுறை, சால்வை, தண்ணீர்ப்பை, வரைபடம் போட்ட வழிப்புத்தகம் என்று பத்துச் சாமான் பத்து விடியலைத் தாண்டி நின்றன. பதினொன்றாவதாக, கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கையில், பயணப்பெட்டியைச் செய்தாள்: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, பழுப்புத் தோல், நான்கு மூலைக்கும் பித்தளை, உள்ளே பூப்போட்ட துணி, இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து வந்ததிலேயே தப்பில்லாத வேலை.

காலையில் அலமாரிக் கதவு திறந்து தொங்கியது. பெட்டி முழுசாக வளர்ந்து, கைப்பிடி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

துளசிமணி அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, தலைகூட வாராமல், தடதடவென்று படியிறங்கி, வண்டி நிறுத்தும் இடத்து நடுவில் அதைப் பொத்தென்று வைத்தாள்.

"யாருக்குடா பொட்டி வேணும்?" என்று நாலு பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். "ஒரு மாசம்! முழுசா ஒரு மாசம் இருந்தீங்கல்ல? இன்னும் மூனே நாளு! யாரு ஊருக்குப் போறீங்க? வந்து சொல்லித் தொலைங்க!"

தொண்ணூற்றாறு வீட்டு ஜன்னலிலும் தலைகள் தெரிந்தன, ஒருவரும் இறங்கி வரவில்லை. செருப்புக்கும் குடைக்கும் அடித்துக்கொண்டு ஓடி வந்த காலனியில், பூட்ஸுக்குக்கூட ஆள் வந்த காலனியில், பெட்டிக்கு ஆள் வரவில்லை. அன்று முழுக்க அது அங்கேயே நின்றது. பெட்டி வேண்டியிருந்தது என்று சொன்னால் எங்கே போகப் பார்த்தாய் என்று கேள்வி வரும் அல்லவா? மத்தியானத்துக்குள் ஒவ்வொரு புருஷனும் பெண்டாட்டியைக் கடைக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தான், ஒவ்வொரு மாமியாரும் மருமகளின் துணி அடுக்கை எண்ணினாள். பி பிளாக்கில் மூன்று வருஷமாக வேலைக்கு வெளிநாடு போக வேண்டும் என்று சொல்லி வந்த ஒருவர், எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், நான் நினைக்கவில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். குழந்தைவேலு மைக் வைத்து இரண்டு முறை அறிவித்தார். இரண்டாம் நாளும் பெட்டி அங்கேயே இருந்தது, மழைத்தூறல் விழுந்ததும் யாரோ அதன் மேல் பாலிதீன் உறையைப் போர்த்திவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சம்சாத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, துளசிமணியின் தையல் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாரோடதுன்னு தெரிஞ்சுதா?" என்றாள் துளசிமணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாங்க தொண்ணூத்தஞ்சு வீடும் அடக்கிக்கிட்டுத்தான் துளசி இருந்தோம். உன் வீட்டுல யாரு அடக்குனா?"

"அவருக்கு எதுக்குப் பொட்டி? டெம்போவுல கெடக்கறவரு."

"நான் மயிலண்ணனைச் சொல்லல."

துளசிமணிக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கு, நான் எங்கே போகப்போகிறேன், அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறார், கூரியர் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனவள், நடுவில் நின்றுவிட்டாள். மூன்று வருஷமாக அவள் பெங்களூருக்குப் பார்சல் கட்டித்தான் அனுப்பியிருந்தாள். அந்தச் சாமானை மேஜை மேல் வைத்து யாராவது குனிந்து பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதை எத்தனை விடியற்காலையில் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். நினைக்கக் கூடாது என்று காலனியில் எல்லோருக்கும் அவள் சொன்னாள், அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மயில்சாமி தொண்டையைச் செருமினான். "நாளைக்குக் காலையில பஸ்ஸு ஏத்தி உடட்டுமா?" என்றான்.

பெரிய பெட்டிக்குள் இரண்டு சேலையையும் தையல் டப்பாவையும், நடுவில் பஞ்சு போட்டுப் பொம்மைச் சாமான்களையும் வைத்துக்கொண்டு, துளசிமணி பெங்களூர் போய் இறங்கினாள். வசுந்தரா அம்மாள் கறுப்புத் துணி மேல் ஒவ்வொன்றாக வைத்து, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, லென்ஸைத் துடைத்துத் திரும்பவும் பார்த்தார். பிறகு எண்ணினார்.

"பதினொன்னுதான் இருக்கு. பெட்டி எங்கே?"

"அது எனக்கு வேணும்னு நான் எடுத்துக்கிட்டனுங்க," என்றாள் துளசிமணி. சொல்லி முடித்தபோது காது மடல் சூடேறியிருந்தது.

வசுந்தராவின் முகம் சுருங்கியது. பெட்டி இல்லாமல் ஊர்சுற்றக் கிளம்பினவளை எப்படி நிறுத்துவது என்று நியாயமாகவே கேட்டார். வேறு வழியில்லாமல் பொம்மையின் வலது கையை வெறுமையாகத் தொங்கவிட்டு நிறுத்தினார்கள். முதல் நாள் ஹாலில் நல்ல கூட்டம். துளசிமணி தூண் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முதுகுகளைப் பார்த்தாள். சிலர் நிற்காமல் போனார்கள். சிலர் நின்றார்கள். பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்மணி இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்து, மழைக்கோட்டின் விளிம்பைப் பார்த்து, நிமிர்ந்து, கூட வந்தவளிடம் தமிழிலேயே சொன்னாள்: "எவ்வளவு சின்னத் தையல் பாரு. மிஷின்ல போட்டிருப்பாங்க."

துளசிமணி எழுந்து நின்றாள். திரும்ப உட்கார்ந்தாள். பிறகு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், அந்த மேஜைக்கு முன்னால், நேராக அந்தப் பெண்மணியின் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, பழுப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்து, தீப்பெட்டியளவுக்குக் குறித்து, வெட்டி, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"எண்ணுங்க," என்றாள்.

அந்தப் பெண்மணி திடுக்கிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து எண்ண ஆரம்பித்தாள்.